கேட்டபல்ட்: ஆவடியில் பிறந்த பீரங்கி வண்டி

கேட்டபல்ட் என்பது டாங்கியின் உடல்மேல் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி இந்தியத் தரைப்படைக்காக உருவாக்கப்பட்ட கவச வண்டி. சென்னைக்கு மேற்கே ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் (சி.வி.ஆர்.டி.இ.) இதை வடிவமைத்தது. முதல் வடிவம் விஜயந்தா டாங்கியை அடிப்படையாகக் கொண்டு 1980களில் படைக்கு வந்தது. இரண்டாவது வடிவம் அர்ஜுன் டாங்கியின்மேல் அமைந்தது. ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையை அந்த வட்டாரத்து மக்கள் ‘டேங்க் ஃபேக்டரி’ என்றுதான் சொல்வார்கள்.

தேவை

ஆவடித் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில் உருவான விஜயந்தா டாங்கி 1965இல் அங்கிருந்து வெளிவந்தது. டாங்கிகள் பாலைவனத்திலும் உழுத வயலிலும் ஓடும். அவற்றுக்குப் பின்னாலிருந்து சுட்டுத் துணை நிற்க வேண்டிய பீரங்கிகளோ லாரியில் கட்டி இழுத்துச் செல்லப்பட்டன. லாரி மணலில் சிக்கினால் பீரங்கியும் அங்கேயே நின்றுவிடும். அதோடு, சுட்ட இடத்திலேயே தங்கியிருக்கும் பீரங்கியை எதிரி கணக்கிட்டுக் கண்டுபிடித்துத் திருப்பி அடிப்பான். சுட்டவுடன் இடம் மாறுவதுதான் உயிர் பிழைக்கும் வழி. பிரிட்டனிலிருந்து வாங்கிய 105 மி.மீ. அபட் வண்டிகள் படையிடம் இருந்தன. ஆனால் அவற்றைவிட அதிக தூரம் எட்டும் ஆயுதம் தேவைப்பட்டது.

அந்த ஆயுதம் ஏற்கெனவே படையின் கையில் இருந்தது. சோவியத் தயாரிப்பான எம்-46 பீரங்கி, 33 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையுள்ள குண்டை 27 கி.மீ. தூரம் எறியும். ஓடும் டாங்கியும் எட்டும் பீரங்கியும் கையிலேயே இருக்க, இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

அமைப்பு

விஜயந்தாவின் சுழல்கோபுரத்தைக் கழற்றி, உடலை நீளமாக்கி, திறந்த மேடையில் எம்-46 பீரங்கி பொருத்தப்பட்டது. மேலிருந்து வரும் சிதறல்களைத் தடுக்கத் தலைக்குமேல் ஒரு கவசக்கூரை உண்டு. பக்கங்கள் திறந்தே இருக்கும். முழுக்க மூடிய பீரங்கி வண்டிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய குறை. நச்சுவாயு, பக்கவாட்டுச் சிதறல் இரண்டுக்கும் வீரர்கள் ஆளாவார்கள்.

அர்ஜுன் கேட்டபல்ட்டின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 8 பேர் குழு, 36 குண்டுகள். பீரங்கி 45 பாகை வரை மேலே நிமிரும். ஆனால் பக்கவாட்டில் இருபுறமும் 14 பாகைதான் திரும்பும். 27 கி.மீ. தொலைவில் இந்த 28 பாகை சுமார் 13 கி.மீ. அகலத்தைத் தழுவுவதால் அங்கே சிக்கல் இல்லை. அதுவே 5 கி.மீ. தொலைவில் இரண்டரை கி.மீ. அகலமாகச் சுருங்கிவிடும். இலக்கு அதற்கு வெளியே போனால் வண்டியையே திருப்ப வேண்டும். நிமிடத்துக்கு 6 குண்டு என்று சுட்டால் இருப்பு 6 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே குண்டு கொண்டுவரும் வண்டி இல்லாமல் கேட்டபல்ட் தனியாகப் போருக்குப் போக முடியாது. ஒவ்வொரு முறை சுடும்போதும் எழும் பின்னுதைப்பை அர்ஜுனின் நீர்ம-வாயுத் தொங்கமைப்பு தாங்கிக்கொள்கிறது.

பீமும் அர்ஜுனும்

விஜயந்தாக்கள் ஓய்வு பெறத் தொடங்கியதும் அவற்றின் உடல்மேல் நின்ற கேட்டபல்ட்டுகளும் முதுமையடைந்தன. அதற்கு முன்பே பெரிய கனவு ஒன்று தொடங்கியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனம் செய்த டி-6 சுழல்கோபுரத்தை அர்ஜுன் உடலில் பொருத்தி, 155 மி.மீ. பீரங்கியோடு ‘பீம்’ என்ற வண்டி உருவானது. முழுக்க மூடியது, எல்லாப் பக்கமும் திரும்பக்கூடியது. ஊழல் புகாரில் டெனல் 2005இல் இந்தியாவின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட, பீமும் அத்தோடு நின்றது. ஆவடியின் உடற்பகுதியில் குற்றம் எதுவும் இல்லை. பீரங்கிக்கு வெளிநாட்டைச் சார்ந்திருந்ததுதான் திட்டத்தைக் கவிழ்த்தது. இந்தியக் கவச ஊர்தி வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க இழப்புகளில் இதுவும் ஒன்று.

அந்த வெற்றிடத்தில்தான் அர்ஜுன் கேட்டபல்ட் வந்தது. 2014இல், 40 வண்டிகளை ரூ.820 கோடியில் வாங்கும் திட்டத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் தந்தது. ஆனால் 1999இன் பீரங்கிச் சீரமைப்புத் திட்டம் 155 மி.மீ.தான் பொது அளவு என்று முன்பே முடிவு செய்திருந்தது. 130 மி.மீ. வண்டி இடைக்கால ஏற்பாடாக மட்டுமே இருக்க முடியும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

கற்பனை உலகில்

அறிவியல் புனைவு மேசை விளையாட்டுகளில் இதே அமைப்பு அப்படியே வாழ்கிறது. வார்ஹாமர் 40,000 விளையாட்டின் பாசிலிஸ்க், துருப்பு வண்டியின் உடல்மேல் திறந்த மேடையில் நீண்ட பீரங்கியை ஏற்றிய வண்டி. எதிர்கால நூற்றாண்டின் கதையிலும் படைக்கு வேண்டியது கையிலிருக்கும் வண்டியும் கையிலிருக்கும் பீரங்கியும்தான் என்பதை அதை வடிவமைத்தவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். தமிழில் இப்படியொரு விளையாட்டை எழுத நினைப்பவருக்குக் கேட்டபல்ட் நல்ல முன்மாதிரி: திரும்பும் கோணம், குண்டு இருப்பு, குழுவின் எண்ணிக்கை, திறந்த பக்கங்கள் ஆகிய நான்கையும் விதிகளாக்கினாலே வண்டிக்கு உயிர் வந்துவிடும்.

இன்றைய நிலை

155 மி.மீ. தேவையைக் கடைசியில் நிறைவேற்றியது தென்கொரிய வடிவமைப்பில் உருவான கே-9 வஜ்ரா. 2017இல் 100 வண்டிகளுக்கு ஒப்பந்தமானது. எல் அண்ட் டி நிறுவனம் குஜராத்தின் ஹசீராவில் அவற்றைக் கட்டி 2021இல் முடித்தது. 2024 டிசம்பரில் மேலும் 100 வண்டிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வஜ்ரா எல்லா வகையிலும் கேட்டபல்ட்டை விஞ்சிய வண்டி. ஆனால் இரவல் பீரங்கியையும் உரிமம் பெற்ற டாங்கியையும் கொண்டு, இந்தியப் பொறியாளர்கள் தாங்களே வடிவமைத்துப் படைப்பிரிவுகளுக்குக் கொடுத்த வண்டி என்ற பெருமை ஆவடியின் கேட்டபல்ட்டுக்கே உரியது.