நாக்கு மீனும் புதுச்சேரி மணலும்

புதுச்சேரியின் வரலாற்றைக் கோட்டையையும் கப்பலையும் ஆளுநர்களையும் கொண்டே எழுதிப் பழகிவிட்டோம். அவ்வூரின் கரைக்கு இன்னொரு வரலாறு உண்டு. அதைச் சொல்லச் சிறிய நாக்கு மீன் ஒன்றே போதும்.

குஞ்சுப் பருவத்தில் தலையின் இருபுறமும் கண்ணுடைய மீன் இது. வளர வளர ஒரு கண் மறுபுறம் நகர்ந்துவிடுகிறது; பின் மணலில் ஒருக்களித்துப் படுத்தே வாழ்கிறது. இதன் பெரிய உறவான எருமைநாக்கு, தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மானிய அறிஞர்களை எட்டி, 1801இல் வெளிவந்த பிளாக்–ஷ்னைடர் நூலில் 'எருமெய்' என்றே பதிவாயிற்று. நம் மீனவர் வழங்கிய சொல் இன்றும் அறிவியற்பெயராக நிற்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை, மாசியில் கடல் தணியும் காலம் கரைவலைக்கு ஏற்றது. வடத்தின் ஒரு முனையைக் கரையில் விட்டு, வலையைப் படகில் அரைவட்டமாக வளைத்து, மறுமுனையைக் கரை சேர்ப்பர். இருபுறமும் ஆட்கள் நின்று இழுக்க, வலையின் அடிப்புறம் மணலை உரசிக்கொண்டே வரும். மணலோடு கிடந்த நாக்கு மீன் மடியில் சேரும். இத்தொழிலுக்கு வலையைப் போலவே அகன்ற மணற்பரப்பும் ஒரு கருவி.

பிரெஞ்சுக்காரர் 1866இல் அமைத்த இரும்புப் பாலம் தூண்களின்மேல் நின்றது. அடியில் மணல் தடையின்றிச் சென்றது. 1952இல் புயல் அப்பாலத்தை வீழ்த்தியது, கரை நிலைத்தது. ஆனால் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1989இல் முடிந்த துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுதோறும் நகரும் மணலை மறித்தன. தெற்கே வீராம்பட்டினப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கரை கரைந்தது. கல் கொட்டிக் காத்ததில் சாலை தப்பியது, வலை இழுக்க நிற்கும் இடம் போயிற்று. அரிப்பு வைத்திக்குப்பம், சோலை நகர் கடந்து தமிழகத்துத் தந்திராயன்குப்பம்வரை சென்றது. கல்லின்மேல் நின்று எவரும் கரைவலை இழுக்க முடியாது.

2018இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்தருகே நீருக்குள் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்த பின், அப்பகுதியில் மணல் திரும்பியது. நகரம் அதை உலாவும் இடமாகக் கொண்டாடியது, கொண்டாடத்தக்கதே. எனினும் அம்மணல் ஒரு காலத்தில் தொழிற்களமாகவும் இருந்தது. ஒரு குப்பம் கரையை இழக்கும்போது அழகை மட்டும் இழப்பதில்லை. மீனின் பெயரும் பருவமும் அறிந்த ஒரு கல்வியையும் இழக்கிறது. திரும்பிய மணலில் அக்கல்விக்கும் இடமிருக்க வேண்டும்.