பரங்கிக் குழியும் மரவள்ளிக் காடும்

பரங்கிக்காய் நம்மூர்க்காரன் இல்லை, தெரியுமோ? பூர்வீகம் அமெரிக்கா. பேரிலேயே ‘பரங்கி’ ஒட்டிக்கொண்டிருக்கிறதே! 2023-ல் கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் ஜெயித்த காயின் எடை 1,247 கிலோ. அதற்கு மண்ணை முந்தின வருஷமே சாணமும் சருகும் போட்டு மக்க வைக்கிறார்கள். நம்ம பாட்டிமார் செய்ததும் அதுதான்: முழ ஆழக் குழி, தொழுவுரம், அடுப்புச் சாம்பல், சில நாள் ஆறவிட்டு விதை. பரங்கி பெருந்தீனிக்காரன்!

தென்னமெரிக்காவின் இன்னொரு பெருந்தீனிக்காரன் மரவள்ளி. இரண்டாம் உலகப் போரில் ஜவ்வரிசி இறக்குமதி நின்றுபோக, 1940-களில் சேலத்தில் ஆலைகள் முளைத்தன. ஆலைக்குக் கிழங்கு வேணுமே? பின்னாளில் லாரி ஏற வழி கிடைத்ததும், அரியூர் நாடு உள்ளிட்ட கொல்லிமலை நாடுகளில், சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறிவிட்டது. காசு வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால், கிழங்கு பிடுங்க மண்ணைக் கிளறித்தான் ஆகணும். சரிவில் ஒரு பெருமழை போதும், மேல்மண் கீழே! சாமைத் தாள் மாட்டுக்கு, சாணம் மண்ணுக்கு என்றிருந்த சுற்றும் தளர்ந்தது.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தை மீட்க மலையேறியது. விதையை மட்டும் கொடுத்தால் போதுமா? சாமையை உரலில் குத்துவது பெண்களின் இடுப்பை ஒடிக்கிற வேலை. அதனால் ஊருக்குள் உமி நீக்கும் மில்லும் வந்தது.