மத்தளத்தின் இரு பக்கமும் ஒரு கம்பியும்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது நம்மவர் பழமொழி. அந்த இரண்டு இடிகளும் ஒரே ஓசையல்ல என்பதைக் கண்டி நகரம் ஆண்டுதோறும் எசல பெரஹராவில் மெய்ப்பிக்கிறது. இடுப்பில் கட்டி இரு கைகளாலும் வாசிக்கப்படும் கெட்ட பெரவின் ஒரு முகத்தில் மெல்லிய தோல். மறுமுகத்தில் தடித்த மாட்டுத் தோல். ஒன்று கணீரென்று பேசும். மற்றது ஆழ்ந்து முழங்கும். தவுலவை ஒரு பக்கம் கோலாலும் மறுபக்கம் கையாலும் அடிப்பார்கள். நமது தவிலுடன் அதற்குள்ள உறவு பெயரிலேயே தெரிகிறது. தம்மெட்டமவோ இணைத்துக் கட்டிய இரட்டை முரசு.

பத்திரிகையாளன் என்ற முறையில் தெருவோரம் நின்று இவற்றைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் என் தலைமுறை வீட்டிலிருந்து கேட்ட வானொலியில் இரு முகங்களும் ஒரே ஒலிபெருக்கிக்குள் அடங்கிவிட்டன. எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்த நாள் முதல் ஏறத்தாழ 80 ஆண்டுகள் கடைக்கு வந்த இசைத்தட்டுகளும் அத்தகையவையே.

இரு செவிகளுக்கும் இரு வழிகள் வேண்டும் என்று திட்டமிட்டவர் இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியியலாளர் ஆலன் ப்ளூம்லைன். 1931 டிசம்பரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே தட்டின் ஒரே பள்ளத்தில் இரு வழிகளையும் செதுக்கும் முறைகூட அதில் இருந்தது. 1942இல் ரேடார் சோதனை விமானம் வீழ்ந்து, 38 வயதில் அவர் மறைந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்தது 1957, 1958ஆம் ஆண்டுகளில்தான்.

பின்னர் கிட்டார்க்காரர்கள் இதைப் பற்றிக்கொண்டனர். 1975இல் ரோலண்ட் வெளியிட்ட ஜே.சி. 120 ஒலிபெருக்கி, மாற்றமில்லாத ஒலியை ஒரு பக்கமும் சற்றே அசைத்த ஒலியை மறுபக்கமும் அனுப்பியது. இரண்டும் அறையின் காற்றில் கலந்தன. அடுத்த ஆண்டே அந்த வித்தை பாஸ் சி.ஈ. 1 என்ற காலால் இயக்கும் பெடலுக்குள் புகுந்தது. 1988இல் வந்த பாஸ் எம்.ஈ. 5 பல விளைவுகளை ஒரே பெட்டிக்குள் அடக்கியது.

இன்று கண்டி முழவைக் கிட்டாரோடு இணைத்துப் பதியும் இளைஞர் கையிலும் இத்தகைய பெட்டிகள் உள்ளன. சிக்கல் இங்கேதான் எழுகிறது. கிட்டார் ஒரு கம்பியில் வரும் கருவி. கெட்ட பெர அப்படியல்ல. ஒரு முகத்தை அடித்தால் அத்தோல் உள்நோக்கி நகரும். உள்ளிருக்கும் காற்று மறுமுகத்தோலை வெளியே தள்ளும். எனவே இரு முகங்களுக்கும் எதிரே வைத்த இரு மைக்குகளும் ஆழ்ந்த ஓசையை ஒன்றுக்கொன்று எதிர்மாறாகப் பிடிக்கின்றன. அவற்றை அப்படியே ஒரே கம்பியில் சேர்த்தால் ஒன்றையொன்று அழித்து, முழக்கம் மெலிந்துபோகும். ஒரு மைக்கின் துருவத்தைத் திருப்புவதே அதற்கு மருந்து.

பெட்டியில் இடம், வலம் என இரு நுழைவாய்கள் இருந்தால் இரண்டிலும் செருக வேண்டும், வெளிவாய்களும் அவ்வாறே. இருப்பினும், உள்ளேயுள்ள சில விளைவுகள், குறிப்பாக ஒலியை முறுக்குபவை, பல பெட்டிகளில் இரு வழிகளையும் ஒன்றாக்கிவிடும். அதற்குப் பின் சேர்க்கும் எதிரொலி அகலத்தைக் காட்டலாம். கலந்துபோன முகங்களைப் பிரித்துத் தராது. ஆகவே இருவழி விளைவுகளை வரிசையின் கடைசியில் வைப்பதே முறை.

அதைவிட முக்கியமானது, மைக்கிலிருந்து வரும் இரு தடங்களையும் எந்த அலங்காரமும் இன்றி முதலில் கணினியில் சேமித்துவிடுவது. பிறகு அவற்றைப் பெட்டிக்குள் எத்தனை முறையும் அனுப்பிப் பார்க்கலாம். ஒலியோடு சேர்த்துப் பதிந்துவிட்ட விளைவைப் பின்னர் கழற்ற முடியாது. முதிய கலைஞர் ஒருவரின் வாசிப்பை மறுமுறை பதியும் வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை. ஒரே பதிவுதான் எஞ்சப்போகிறது என்றால், அதில் அவருடைய இரண்டு கைகளும் கேட்க வேண்டாமா?