லாக்புக்கில் ஓடும் காலம்

பைலட்டுகளுக்கு வயது இரண்டு விதமாக ஏறும். ஒன்று நம் எல்லோரையும் போல. இன்னொன்று லாக்புக்கில், மணிக்கணக்கில். "எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று நாம் கேட்கிற இடத்தில் அவர்கள் "எத்தனை ஹவர்ஸ்?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். 200 மணி பறந்திருந்தால் கமர்ஷியல் லைசென்ஸ். 1500 மணி பறந்திருந்தால் கேப்டன் ஆவதற்கு வேண்டிய லைசென்ஸ். (பரீட்சை, மெடிக்கல் எல்லாம் தனி.)

இங்கே செம்பூரில் எங்கள் பில்டிங்கில் ரிடையர் ஆன கேப்டன் ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்துக்காரர். அவருடைய பழைய லாக்புக்குகளைப் புரட்டியபோது எனக்கு முதலில் தேதிகளே குழம்பின. விமானத்துறை முழுக்க ஓடுவது உலகப் பொது நேரத்தில். நம் கடிகாரத்துக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். ஒரு தீபாவளி அன்று விடியற்காலை 3 மணிக்கு மும்பையிலிருந்து கிளம்பியிருக்கிறார். புத்தகத்தில் முந்தின நாள் தேதி, 21:30. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அவர் மேலே இருந்தார். புத்தகப்படி அவருக்கு இன்னும் தீபாவளியே வரவில்லை!

சரி, கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து காலை 6:35-க்கு ஜே.ஆர்.டி. டாடா ஒரு புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பினார். வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல். அது மாட்டு வண்டியில் வந்தது. பகல் 1:50-க்கு பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். ரேடியோ கிடையாது. கீழே கடற்கரையையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டே வர வேண்டியதுதான். தபாலை அங்கிருந்து நெவில் வின்சென்ட் வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக நம் மெட்ராஸுக்குக் கொண்டுபோனார். இந்திய விமானப் போக்குவரத்தின் ஆரம்பத்திலேயே மெட்ராஸ் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அந்த நாள் பைலட்டுக்கு ஒரு மணி நேரம் என்பது சுமார் 160 கிலோமீட்டர். டகோட்டா வந்ததும் 300. 1960-ல் ஏர் இந்தியாவுக்கு போயிங் 707 வந்தபோது 900. நாற்பதுகளில் டகோட்டாவில் சேர்ந்த ஒருவர், ஜம்போ வந்த 1971-ல் இன்னும் வேலையில் இருந்தால், அவர் சர்வீஸுக்குள்ளேயே உலகம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நாம் யாரும் அப்படி ஒரு காலத்தை அனுபவித்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதோடு நின்றுபோயிற்று. கான்கார்டு ஒன்றை விட்டுவிட்டால் (அதுவும் 2003-ல் முடிந்தது), பயணிகள் விமானத்தின் வேகம் அறுபது வருஷத்துக்கு மேலாக ஏறவே இல்லை. மாறியது காக்பிட்டில் இருந்த கூட்டம்தான். நேவிகேட்டர் போனார், ரேடியோ ஆபீசர் போனார், கடைசியில் ஃப்ளைட் இன்ஜினியரும் போனார். 1989-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 வாங்கியபோது முன்னால் இரண்டே பேர்.

நடுவில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் ஒன்று உண்டு. 1949-லிருந்து 1973 வரை ராத்திரித் தபால் விமானங்கள் ஓடின. பம்பாய், கல்கத்தா, டில்லி, மெட்ராஸ் நாலு ஊரிலிருந்தும் இரவில் கிளம்பி, நடுராத்திரி நாக்பூரில் கூடும். மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். மெட்ராஸ் பைலட் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, நாக்பூரில் தேதி மாறுவதைப் பார்த்துவிட்டு, பால்காரர் வரும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பார். தெருவில் இருப்பவர்களுக்கு அவர் எங்கேயுமே போகாத மனுஷர்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இன்றைய விதிப்படி வருஷத்துக்கு 1000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது. வருஷத்தில் இருப்பதோ 8760 மணி. கேப்டன் சாரின் மொத்தம் 18,400 மணி, 36 வருஷ சர்வீஸில். ராப்பகலாக அடுக்கினால் இரண்டு வருஷமும் ஒரு மாசமும்தான் வருகிறது. இதை நான் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது. உள்ளே காபி கலந்துகொண்டிருந்த அவர் மனைவி, "மிச்சம் முப்பத்திநாலு வருஷம் எங்க போச்சுன்னுதான் நானும் கேட்டுண்டிருக்கேன்" என்றார்.

போன இடம் தெரியாமல் இல்லை. ஸ்டாண்ட்-பை என்று யூனிஃபார்மோடு போனுக்குக் காத்திருந்தது, வெளியூர் ஹோட்டல்களில் பகலில் திரை போட்டுத் தூங்கியது, ஆறு மாசத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் செக், வருஷா வருஷம் மெடிக்கல். 1990 பிப்ரவரியில் பெங்களூர் விபத்துக்குப் பிறகு ஏ320 விமானங்களைப் பல மாசம் நிறுத்தி வைத்தார்கள். 2020 மார்ச்சிலிருந்து இரண்டு மாசம் உள்நாட்டு விமானமே ஓடவில்லை. லாக்புக்கில் அதற்கெல்லாம் வரியே கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு கடிகாரம் இருக்கிறது. சீனியாரிட்டி லிஸ்ட். சேர்ந்த நாளில் ஒரு எண் கிடைக்கும். எப்போது இடது சீட்டு, எந்த விமானம், பொங்கலுக்கு லீவு உண்டா இல்லையா, எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. மேலே இருப்பவர் ரிடையர் ஆனால்தான் நீங்கள் நகர முடியும். கேப்டன் சார் வலது சீட்டில் 13 வருஷம் உட்கார்ந்திருந்தார். ரிடையர் வயது 60-லிருந்து 65 ஆனபோது மேலே இருந்தவர்களுக்கு ஐந்து வருஷம் கிடைத்தது. கீழே காத்திருந்தவர்களுக்கு அதே ஐந்து வருஷம் போனது.

தனியார் கம்பெனிகள் வந்தபோது இந்தக் கடிகாரம் திடீரென்று வேகம் பிடித்தது. 1994-ல் பழைய ஏகபோகச் சட்டம் போனது. 2003-ல் ஏர் டெக்கான், 2005-ல் கிங்ஃபிஷர். சில வருஷத்திலேயே பசங்கள் கேப்டன் ஆனார்கள். பிறகு கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது.

அப்படி மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர் எங்கள் ஏழாவது மாடியில் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். நாற்பத்தாறு வயதில் புதுக் கம்பெனியில் சேர்ந்தார். லாக்புக்கில் இருந்த 11,000 மணியும் அப்படியே செல்லும், சீட்டும் இடது சீட்டுதான். ஆனால் லிஸ்டில் கடைசிப் பெயர் அவருடையது. அந்த வருஷம் பொங்கல் லீவு, அவரை விடப் பதினைந்து வயது சின்னப் பையனுக்குக் கிடைத்தது. சம்சாரமும் பிள்ளைகளும் மட்டும் நெல்லை போய் வந்தார்கள். வரும்போது எங்களுக்கும் பனங்கிழங்கு கொண்டுவந்தார்கள்.