சில்லறைக் கங்காணியும் காணிக் கந்தோர் வேலையும்



உயர்தரம் முடித்த எமது பழைய மாணவர் ஒருவர் கடந்த வாரம் வந்தார். டவுனில் காணி விற்கும் கந்தோர் ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறதாம். ஆட்களைக் கூட்டிச் சென்று காணியைக் காட்ட வேண்டும். விற்றால் கொமிஷனில் பங்கு. "மாதச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டோம். "அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை சேர்" என்றார். அவரிடம் சொன்ன பழைய கதையை உங்களுக்கும் எழுதுகிறோம்.

இந்த மலைகளில் கோப்பித் தோட்டங்கள் வந்த காலத்திலிருந்தே தரகு வேலையும் இருக்கிறது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஆட்களைக் கூட்டிவந்தவர் பெரிய கங்காணி. வழிச்செலவுக்கென்று துரை கொடுத்த முற்பணம், வந்தவர்களின் தலையில் கடனாக ஏறியது. தன் கூட்டத்தில் அன்றாடம் வேலைக்கு இறங்கிய ஒவ்வொருவருக்காகவும் கங்காணிக்குச் சில சதம் கிடைத்தது. அதுதான் தலைக்காசு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு 2 சதம் என்று வைத்தாலும், 100 பேர் வேலைக்கு இறங்கினால் ஒரு நாளைக்கு 2 ரூபாய். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், 1929இல் உயர் மலைத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். காய்ச்சலோடு படுத்திருப்பவரையும் ஏன் பெரட்டுக்கு விரட்டினார்கள் என்பது இப்போது விளங்கும். ஆள் இறங்காவிட்டால் தலைக்காசு இல்லை.

பெரிய கங்காணிக்குக் கீழே இருந்தவர் சில்லறைக் கங்காணி. தன் குடும்பத்தையும் சொந்தக்காரர்களையும் சேர்த்த சிறு கூட்டத்துக்கு அவர் பொறுப்பு. தானும் மலையில் வேலை செய்தார். கூட்டத்தின் கடனுக்கும் பதில் சொன்னார். பெரிய வருமானம் மேலே போனது. ஏச்சும் பேச்சும் இவருக்கு மிஞ்சின.

அடுத்த தோட்டத்துக்குப் போவதென்றால் "துண்டு" வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்ததோடு, ஆள் சேர்க்கும் தொழிலும் முடிந்தது.

இப்போது எமது மாணவருக்கு வருவோம். அவர் பிறந்து வளர்ந்த லயத்துக்கு இன்றும் உறுதி கிடையாது. அவர்தான் மற்றவர்களுக்கு உறுதியோடு காணி வாங்கிக் கொடுக்கப் போகிறார். அது பிழையான தொழில் இல்லை, கௌரவமான தொழில்தான். ஆனால் காணி விற்காத மாதத்தில் அவருடைய பஸ் காசை யார் கொடுப்பது?

நூறு வருடத்துக்கு முன் சில்லறைக் கங்காணிக்கு இல்லாத சட்டம் இன்று இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஊழியருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய்.

ஆகவே பிள்ளைகளே, பெற்றோரே, வேலைக்குச் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நியமனக் கடிதம் உண்டா? விற்பனை இல்லாத மாதத்தில் சம்பளம் எவ்வளவு? சேமலாப நிதி கட்டுவீர்களா? கேட்க வெட்கமாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்தக் கடதாசியை எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.

எமது மாணவர் நாளை மறுபடி கந்தோருக்குப் போகிறார், இந்த மூன்று கேள்விகளையும் கொப்பியில் எழுதிக்கொண்டு.