பேரேடு கைமாறிய நகரம்

2021 ஜூலை 8 அன்று நார்வேயின் டெலினார் நிறுவனம் தன் மியன்மார் கிளையை 10.5 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. வாங்கியது லெபனானின் மிக்காதி குடும்பத்துக்குச் சொந்தமான எம்1 குழுமம். விலை மலிவுதான். ஆனால் கோபுரங்களோடு சேர்ந்து ஏறத்தாழ 1.8 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களும் கைமாறின: யார், யாரோடு, எப்போது, எந்தக் கோபுரத்துக்கு அருகிலிருந்து பேசினார் என்ற கணக்கு.

ராணுவ ஆட்சிக்காலத்தில் யாங்கூனில் ஒரு சிம் அட்டை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது. 2014இல் டெலினாரும் கத்தாரின் ஊரிடூவும் கடை விரித்தபோது அதே அட்டை 1,500 கியாட்டுக்குக் கிடைத்தது. வெற்றிலைக் கடைகளில்கூட விற்றார்கள். டெலினாரின் பெரும்பங்கு நார்வே அரசிடம் இருந்ததால், அது கண்ணியமான கம்பெனி என்று மக்கள் நம்பினார்கள். பின்னர் ஒவ்வொரு சிம்மையும் அடையாள அட்டை எண்ணோடு பதிவு செய்யச் சொன்னார்கள். 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று வகையாகப் பிரித்தது. ஒருவர் எந்த வகை என்பதை அந்த எண்ணுக்குள் இருக்கும் ஓர் எழுத்தே காட்டிவிடும். அங்கே தங்கிவிட்ட நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எந்தெந்தத் தளத்தை முடக்கச் சொல்லி உத்தரவு வருகிறது என்பதை டெலினார் இரண்டு வாரம் வெளியிட்டது. பிப்ரவரி 14க்குப் பிறகு அதுவும் நின்றது. ஒட்டுக்கேட்கும் கருவிகளை இயக்கும்படி நெருக்கினார்கள், அதனால்தான் வெளியேறுகிறோம் என்று நிறுவனம் பின்னர் விளக்கியது. வெளியேறும்போது ஏட்டை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதுதான் மியன்மாரின் 474 குடிமக்கள் அமைப்புகள் நார்வேயில் கொடுத்த புகாரின் சாரம்.

மைக்ரோசாஃப்ட் 2018இல் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியபோதும் பலர் பதறினார்கள். ஆனால் கிட் அமைப்பில் நிரலின் முழு வரலாறும் எழுதியவர் கணினியிலேயே ஒரு படியாக இருக்கும். பிடிக்காதவர்கள் அதை எடுத்துக்கொண்டு கிட்லேபுக்குப் போனார்கள். யாங்கூன்காரர் சிம்மைத் தூக்கி எறியலாம். நேற்றுவரை பேசியதன் பதிவு அவர் கையில் இல்லை.

இந்த நகரத்தில் ஏடு வைத்திருந்தவர்களாகவும் நாம் இருந்திருக்கிறோம். முகல் தெருவில், இன்றைய ஷ்வேபோந்தா தெருவில், நகரத்தார் கிட்டங்கிகளும் கோயிலும் இருந்தன. நடப்பு வட்டியை அந்தக் கோயிலில் கூடித்தான் முடிவு செய்தார்கள். கீழ் பர்மாவின் எந்த வயல் எந்தக் கடனில் நிற்கிறது என்பதைப் பேரேடு சொல்லும். 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் ஏட்டில் இருந்தவை நில உடைமையாக மாறின. 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1937இல் 25. அவர்கள் நிலத்துக்காகக் கடன் கொடுக்கவில்லை, பணம் திரும்புவதையே விரும்பினார்கள் என்று நாம் வாதிடுவதுண்டு. அது பெருமளவு உண்மை. நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்த வேறுபாடு என்ன தந்திருக்கும்?

1963இல் நெ வின் அரசு வங்கிகளையும் மறு ஆண்டு கடைகளையும் எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. இந்தமுறை ஏட்டின் மறுபக்கத்தில் இருந்தோம். கப்பலேறி வந்தவர்களின் பெயரில் சென்னையில் இன்னும் பர்மா பஜார் இருக்கிறது.

டெலினார் விற்பனை 2022 மார்ச்சில் முடிந்தது. எம்1 குழுமத்தோடு உள்ளூர்க் கூட்டாளியாக வந்து பெரும்பங்கைப் பெற்றது ஷ்வே பியாய்ன் பியூ. ராணுவத்தோடு அதற்குள்ள வணிக உறவைப் பற்றிச் செய்தியாளர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். அதே ஆண்டு ஊரிடூவும் தன் மியன்மார் கிளையை விற்பதாக அறிவித்தது. ஜூனில் டெலினாரின் பெயர்ப்பலகைகள் இறங்கி ஆட்டம் என்ற பெயர் ஏறியது. வாடிக்கையாளர்களின் எண்கள் மாறவில்லை.