சேவண் புல்லும் அதன் சிட்டைகளும்

ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள பாலைவனத் தேசியப் பூங்கா 1980-இல் அறிவிக்கப்பட்டது. (பெயரில்தான் தேசியப் பூங்கா, சட்டப்படி அது காட்டுயிர்ச் சரணாலயம்.) கானமயிலின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்றாக அதனை அறிவோம். அப்பறவைக்கு மறைவும் மாட்டுக்குத் தீவனமும் தருவது சேவண் என்னும் பல்லாண்டுப் புல். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டரை எட்டாத மழையிலும் அது மணலைப் பற்றி நிற்கிறது. இப்புல்லின் வரலாற்றுக்குக் கல்வெட்டுச் சான்று தேடிப் பயனில்லை. அதற்கான ஆவணம் ஹெர்பேரியத் தாள்களே.

பம்பாய் புனித சேவியர் கல்லூரியின் எதெல்பெர்ட் பிளாட்டர் என்ற சேசு சபைத் துறவி, ஹால்பெர்குடன் 1917-இன் இறுதியில் ஜோத்பூர், ஜெய்சல்மேர் சமஸ்தானங்களில் தாவரங்களைத் திரட்டினார். அதன் விவரம் 1918 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக வெளிவந்தது. பூங்காவின் எல்லை வரையப்படுவதற்கு அறுபதாண்டுகளுக்கு முந்தைய சான்று அது. இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் வறள்நில மையம் ஜோத்பூரில் அமைந்ததோ 1972-இல்தான்.

மொழியியல் பயின்றவருக்கு இத்தாள்களில் ஈர்ப்புடையது சிட்டை. ஹெர்பேரிய மரபில் பழைய பெயரை அழிப்பதில்லை. மறுஆய்வு செய்தவர் தம் முடிவை வேறொரு துண்டில் எழுதி அருகில் ஒட்டுவார். இப்புல் முன்னர் எலியோனூரஸ் ஹிர்சூட்டஸ் எனவும் லாசியூரஸ் ஹிர்சூட்டஸ் எனவும் குறிக்கப்பட்டது. ஹிர்சூட்டஸ் என்றால் மயிரடர்ந்தது. லாசியூரஸ் என்பதும் கிரேக்கத்தில் அடர்மயிர் வால்தான். ஒரே செய்தியை இருமுறை சொல்லும் பெயர். 1941-இல் டச்சு அறிஞர் ஹென்ரார்ட் அதனை லாசியூரஸ் சிந்திகஸ் என்றார். உருவத்தைச் சொன்ன பெயர் சிந்து மாகாணத்தைச் சொல்வதாயிற்று. ஆங்கிலேயர் அம்மாகாணத்தை எழுதிய பழைய எழுத்துக்கூட்டல் அவ்விலத்தீனச் சொல்லில் உறைந்து கிடப்பதால், இன்றும் ஆய்வுரைகளில் அது இருவகையாக எழுதப்படுகிறது. ஆறே ஆண்டுகளில் நாட்டெல்லை குறுக்கிட்டது. இந்தியப் பாலையின் அடையாளப் புல், எல்லைக்கு அப்பாலுள்ள ஊரின் பெயரோடு வாழ்கிறது.

இப்பெயர்களுள் எதுவும் மேய்ச்சல்காரரின் சொல் அன்று. வட்டாரப் பெயருக்கான வரி பல தாள்களில் வெறுமையாகவே இருக்கும். இஃது அற்பக் குறையென நான் கருதவில்லை. வரி ஈட்டாத நிலத்தைத் தரிசு எனக் குறித்த பிரித்தானிய வருவாய்த்துறையின் வகைப்பாடு, விடுதலைக்குப் பிந்தைய தரிசுநில வரைபடத் தொகுப்புகளிலும் தொடர்கிறது; மணற்பரப்பும் நலிந்த மேய்ச்சல் நிலமும் அதில் அடங்கும். சூரிய மின்தகடுகளுக்கு இடம் தேடுவோர் முதலில் நாடுவது இத்தகைய நிலத்தையே. ஆனால், இடமும் நாளும் எழுதி ஒட்டிய ஒரு புற்கொத்து, அங்கு என்ன வளர்ந்தது என்பதற்கு நேர்ச்சான்று.

ஆகவே, இத்தாள்களை எண்ணிமப்படுத்தும் மாணவர்கள் கடைசித் துண்டிலுள்ள இலத்தீனப் பெயரை மட்டும் பெயர்த்தெழுதி நிறுத்த வேண்டா. பழைய துண்டுகள், ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டல், மண் பற்றிய குறிப்பு, வெறுமையாக விடப்பட்ட வரி ஆகியவற்றையும் உள்ளபடியே பதிவுசெய்யுங்கள்.